விளையாட்டுப் பெட்டிக்குள் ஒரு பூட்டு

1992-ஆம் ஆண்டின் கோடை விடுமுறை. செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கு அருகே ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மாமா விடுமுறைக்கு வந்திருக்கிறார். அக்காள் மகனுக்கென்று ஆசையாக ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டி வாங்கி வந்திருக்கிறார். பெட்டியைத் தொலைக்காட்சியுடன் இணைத்தாயிற்று. தெருப் பிள்ளைகள் எல்லோரும் கூடத்தில் குந்தியாயிற்று. ஆனால் நடந்தது என்ன? படம் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருந்தது. வண்ணம் இல்லை. ஒலியும் இல்லை.

பிள்ளைகள் சிரித்தார்கள். மாமாவின் முகம் சுருங்கியது. மறுநாள் சிறுவன் பேருந்தேறி மாமல்லபுரம் போனான். அங்கே அவனுடைய பெரியப்பா சிற்பக்கூடம் வைத்திருக்கிறார். அவர் வீட்டிலும் ஒரு விளையாட்டுப் பெட்டி உண்டு. சென்னை பர்மா பஜாரில் மலிவாக வாங்கியது. அதிலோ படமும் வண்ணமும் ஒலியும் குறைவின்றி வருகின்றன! அந்தக் கேசட்டை இரவல் வாங்கி வந்து மாமா தந்த பெட்டியில் செருக முயன்றான். அது உள்ளேயே போகவில்லை. அழுத்திப் பார்த்தான்.

“என்னடா பண்ணினே? புதுப் பெட்டியைக் கெடுத்துட்டியே!”

“நான் ஒண்ணுமே பண்ணலை, மாமா!”

இந்த வீடு கற்பனைதான். ஆனால் இதுபோன்ற வீடுகள் அன்று தமிழ்நாட்டில் பல இருந்தன. விலை உயர்ந்த பெட்டி ஊமையாக நிற்க, மலிவான பெட்டி பாடி ஆடியது எப்படி? மாமா ஏமாந்துவிட்டாரா? சிறுவன்தான் கெடுத்துவிட்டானா? இரண்டும் இல்லை. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அவற்றில் சில, யாரும் வேண்டுமென்று எழுப்பாத சுவர்கள். சில, வேண்டுமென்றே போட்ட பூட்டுகள். இந்த இரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்சாரம் என்னும் முதல் தடை

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். வினாடிக்கு 50 சுழற்சி. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 சுழற்சி. ஜப்பானில் 100 வோல்ட் மட்டுமே. விளையாட்டுப் பெட்டிக்கு இவ்வளவு மின்னழுத்தம் தேவையில்லை. சுவரில் செருகும் அடாப்டருக்குள் இருக்கும் மின்மாற்றி அதைச் சுமார் 9 அல்லது 10 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது.

மின்மாற்றி விகிதக் கணக்கில் இயங்குவது. 120 வோல்ட்டை 9 ஆக்கும் கருவியில் 230 வோல்ட்டைக் கொடுத்தால் மறுமுனையில் 17 வோல்ட்டுக்கு மேல் வரப் பார்க்கும். அதற்கு முன்பே அதன் இரும்பு உள்ளகம் தாங்கக்கூடிய காந்தப் பெருக்கின் எல்லையைத் தாண்டிவிடும். கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாய்ந்து பெருகும், சூடேறும், புகை வரும். வெளிநாட்டுக் கருவிகள் பல, நம் ஊருக்கு வந்த முதல் நிமிடத்திலேயே உயிர்விட்டது இப்படித்தான். நம் கதையில் வரும் மாமா விவரமானவர். ஒரு ‘ஸ்டெப்-டவுன்’ மின்மாற்றியையும் கையோடு வாங்கி வந்திருந்தார். ஆகவே பெட்டி பிழைத்தது.

தொலைக்காட்சியின் இரண்டு மொழிகள்

அடுத்தது தொலைக்காட்சி. படக்குழாய் கொண்ட பழைய தொலைக்காட்சியில் படம் ஒரேயடியாகத் தோன்றுவதில்லை. ஒரு மின்னணுக் கற்றை திரையில் வரிவரியாக ஓடிப் படத்தை வரைகிறது. எத்தனை வரிகள், வினாடிக்கு எத்தனை தடவை என்பதை ஒவ்வொரு நாடும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டது. இந்தியா பின்பற்றியது ‘பால்’ முறை. (இது பசு தரும் பால் அன்று, ஆங்கிலச் சொற்கள் மூன்றின் முதலெழுத்துச் சுருக்கம்!) இதில் 625 வரிகள், வினாடிக்கு 50 முறை திரை வருடப்படும். அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றியது ‘என்.டி.எஸ்.சி.’ முறை. அதில் 525 வரிகள்; வினாடிக்கு 60 வருடல்.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இரு முறைகளிலும் முழுப் படம் ஒன்றுக்கு இரண்டு வருடல்கள் தேவை. ஆகவே நம் முறையில் வினாடிக்கு 25 படம். 625-ஐ 25-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 15,625 வரிகள். அமெரிக்க முறையில் 525-ஐ 30-ஆல் பெருக்கினால் 15,750. (வண்ண ஒளிபரப்பில் இது சற்றுக் குறைந்து 15,734 ஆகும்.) இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! எனவே நம் தொலைக்காட்சிக்கு அமெரிக்கப் பெட்டியின் வரிகளைப் பிடிப்பதில் சிரமம் இல்லை. ஆனால் மேலிருந்து கீழே இறங்கும் வேகம் 50-க்கும் 60-க்கும் பொருந்தவில்லை. அதனால்தான் படம் உருண்டது. பழைய தொலைக்காட்சிகளின் பின்புறம் ‘வி-ஹோல்டு’ என்று ஒரு குமிழ் இருக்கும். அதைப் பொறுமையாகத் திருகினால் உருளும் படம் நின்றுவிடுவதுண்டு.

வண்ணம் ஏன் வரவில்லை? வண்ணச் செய்தியைச் சுமந்து வரும் துணை அலையின் அதிர்வெண் நம் முறையில் 4.43 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க முறையில் 3.58 மெகாஹெர்ட்ஸ். நம் தொலைக்காட்சி தனக்குப் பழகிய இடத்தில் தேடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. ஒலியின் கதையும் இதுவே. படத்தைச் சுமக்கும் அலைக்கும் ஒலியைச் சுமக்கும் அலைக்கும் இடையே நம் முறையில் 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. அமெரிக்க முறையில் 4.5 தான். ஆக, மாமாவின் பெட்டி ஊமை அன்று. நம் தொலைக்காட்சிதான் அதன் பேச்சை வேறிடத்தில் காது வைத்துக் கேட்டது!

ஜப்பான் பெட்டியாக இருந்தால் இன்னும் மோசம். அவை படத்தை அனுப்பிய அலைவரிசைகள் 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளவை. நம் தொலைக்காட்சிகள் கேட்டவையோ 47 முதல் 68 வரையும், 174 முதல் 230 வரையும். இரண்டு பட்டைகளுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் ஜப்பான் பெட்டி கூவிக்கொண்டிருக்கும், யார் கேட்பார்?

இப்போது பெரியப்பாவின் பெட்டிக்கு வருவோம். பர்மா பஜார் என்பது பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் உருவான கடைத்தெரு. செங்கல்பட்டில் மின்ரயில் ஏறிச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. அந்நாளில் வெளிநாட்டு நுகர்பொருள்களைத் தாராளமாக இறக்குமதி செய்ய முடியாது. 1991-க்குப் பிறகு கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. கடைசித் தொகுதிப் பொருள்களின் மீதிருந்த அளவுக் கட்டுப்பாடு நீங்கியது 2001 ஏப்ரல் 1 அன்றுதான். அதுவரை, பயணிகள் கொண்டுவந்தவையும் பிற வழிகளில் வந்தவையும் இத்தகைய கடைகளிலேயே கிடைத்தன. சிங்கப்பூரிலும் 230 வோல்ட், 50 சுழற்சி, ‘பால்’ முறைதான். அந்தச் சந்தைக்கென்று செய்த பெட்டி, கடலைத் தாண்டி வந்தாலும் நம் வீட்டுச் சுவரோடும் தொலைக்காட்சியோடும் சிக்கலின்றி ஒத்துப்போனது. நெடுந்தொலைவும் கூடிய விலையும் பொருத்தத்தைத் தீர்மானிப்பதில்லை. தர அளவுகளே தீர்மானிக்கின்றன.

இதுவரை பார்த்தவை எல்லாம் யாரும் பகையாக எழுப்பாத சுவர்கள். இனிப் பூட்டுகளுக்கு வருவோம்.

60 முனையும் 72 முனையும்

1983 ஜூலை 15 அன்று ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ‘ஃபேமிகாம்’ என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. விலை 14,800 யென். அதன் மூளை வினாடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்புகளில் இயங்கிய ஒரு 8-பிட் சில்லு. வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். புகழ்பெற்ற ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இன்று உங்கள் கைபேசி எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் இதைப்போல் பல மடங்கு பெரியது!

இந்தப் பெட்டியின் கேசட்டில் 60 தொடுமுனைகள். பின்னர் 1985-இல் அமெரிக்காவுக்கென்று பெட்டியை மாற்றியமைத்தபோது முனைகள் 72 ஆயின. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜப்பான் கேசட்டில் ஒலிக்கென இருந்த 2 முனைகள் நீக்கப்பட்டன, மீதி 58. எதிர்கால விரிவாக்கத்துக்கென 10 சேர்க்கப்பட்டன, 68. இன்னும் 4 முனைகள் சேர்ந்து 72. அந்த 4 முனைகள்தாம் பூட்டுக்குரியவை.

ஏன் பூட்டு? 1983-இல் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வணிகம் சரிந்து விழுந்தது. யார் வேண்டுமானாலும் விளையாட்டைச் செய்து விற்கலாம் என்ற நிலையில், தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்ததும் அதற்கொரு காரணம். எனவே தன் அனுமதியில்லாமல் எவரும் தன் பெட்டிக்கு விளையாட்டு செய்யக்கூடாது என்று நின்டெண்டோ விரும்பியது. அனுமதி பெற்ற நிறுவனங்களும் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது என்று வரம்பு கட்டியது. இந்த அதிகாரத்தைச் செயல்படுத்த ஒரு கருவி வேண்டுமே! அதுதான் பூட்டுச் சில்லு.

இரட்டைப் பிள்ளைகளின் வாய்பாடு

பூட்டு எப்படி வேலை செய்கிறது? ஓர் இரட்டைப் பிள்ளைகளை எண்ணிக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே வினோதமான வாய்பாடு மனப்பாடம். வேறு எவருக்கும் அது தெரியாது. ஒருவனை வீட்டுக்குள் காவலுக்கு வைக்கிறீர்கள். மற்றவனை விருந்தாளியோடு அனுப்புகிறீர்கள். இருவரும் ஒரே நேரத்தில் வாய்பாட்டைச் சொல்லத் தொடங்குகிறார்கள். சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனால் கதவு திறந்திருக்கும். ஒரு சொல் பிசகினாலும் கதவு அறைந்து சாத்தப்படும்.

பெட்டிக்குள் ஒரு சிறிய 4-பிட் சில்லு. கேசட்டுக்குள்ளும் அதே வகைச் சில்லு. மின்சாரம் வந்ததும் இரண்டும் ஒரே தொடக்க எண்ணிலிருந்து கணக்கிட்டு, 0, 1 என்னும் குறிகளை ஓயாமல் பரிமாறிக்கொள்கின்றன. வந்த குறியும் தான் கணக்கிட்ட குறியும் பொருந்தவில்லை என்றால், பெட்டியில் உள்ள சில்லு முதன்மைச் சில்லை மறுபடி மறுபடி தொடக்க நிலைக்குத் தள்ளுகிறது. வினாடிக்கு ஏறக்குறைய ஒருமுறை விளக்கு மினுக் மினுக்கென்று அணைந்து எரியும். படம் தோன்றித் தோன்றி மறையும். அமெரிக்கச் சில்லு ஒருவிதம். ஐரோப்பியச் சில்லுகள் வேறுவிதம். ஆகவே ஓர் ஊர்க் கேசட் மற்றோர் ஊர்ப் பெட்டியில் ஓடாது. கள்ளப் பிரதியை மட்டுமல்ல, முறையாகக் காசு கொடுத்து வேறு நாட்டில் வாங்கிய கேசட்டையும் இந்தப் பூட்டு வெளியே நிறுத்தியது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பூட்டும் சாவியும் ஒரே சில்லு. அதன் நான்காம் கால், தான் பூட்டா சாவியா என்பதை அதற்குச் சொல்கிறது. பெட்டியில் அந்தக் காலின் இணைப்பைத் துண்டித்தால், காவலாளி தன்னையும் விருந்தாளி என்றே எண்ணிக்கொள்வான். கதவைச் சாத்த ஆளே இருக்காது! பழைய பெட்டிகளைப் பழுது பார்ப்பவர்களிடையே இது பிரசித்தமான செய்தி.

ஜப்பானில் முதலில் வந்த பெட்டியில் இந்தப் பூட்டு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். தைவானின் சில்லு நிறுவனங்கள் அந்த ஜப்பான் பெட்டியின் அமைப்பைப் பின்பற்றி நகல் சில்லுகளைச் செய்தன. அவற்றைக் கொண்டு ஆசியா முழுவதும் பற்பல பெயர்களில் நகல் பெட்டிகள் வந்தன. நம் ஊர்ப் பிள்ளைகள் அறிந்த 60 முனைக் கேசட்டுகள் இந்த வம்சம்தான். பெரியப்பாவின் கேசட் மாமாவின் பெட்டியில் நுழையாததற்குக் காரணம் இதுவே. இடையே ஓர் இணைப்பான் வைத்து நுழைத்திருந்தாலும், சாவிச் சில்லு இல்லாததால் விளக்கு மினுக்கிக்கொண்டேதான் இருந்திருக்கும். அமெரிக்காவில் வெளிவந்த ‘கைரோமைட்’ என்ற விளையாட்டின் தொடக்ககாலக் கேசட்டுகள் சிலவற்றைத் திறந்தால், ஜப்பானின் 60 முனைப் பலகையும் ஓர் இணைப்பானும் சாவிச் சில்லும் உள்ளே இருக்கக் காணலாம்!

தாளம் தாழ்ந்தது, சுருதி தாழவில்லை

நகல் பெட்டியை நம் தொலைக்காட்சிக்கு ஏற்ப 50 வருடலுக்கு மாற்றினார்கள் அல்லவா? அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைய விளையாட்டுகள் திரை ஒருமுறை வருடப்படும்போது ஒருமுறை கணக்கிட்டன. வீரன் ஒரு வருடலுக்கு ஒரு புள்ளி நகர்கிறான் என்று கொள்வோம். திரையின் அகலம் 256 புள்ளி. ஜப்பானில் அவன் திரையைக் கடக்க 256-ஐ 60-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4.3 வினாடி. மாமல்லபுரத்தில் 256-ஐ 50-ஆல் வகுத்தால் 5.1 வினாடி. ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிட்டது!

இசைக்கும் அதே கதி. அடுத்த சுரத்துக்குப் போவது வருடல் கணக்கில் நடந்ததால் தாளம் தாழ்ந்தது. ஆனால் சுரத்தின் உயரம் சில்லின் துடிப்பைப் பொறுத்தது. ஜப்பான் பெட்டியில் அது 1.79 மெகாஹெர்ட்ஸ், 50 வருடலுக்கென்று செய்த நகல் பெட்டிகளில் 1.77. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுதான். அரைச்சுரம் இறங்க வேண்டுமானால் நூற்றுக்கு ஆறு அளவு குறைய வேண்டும். எனவே தாளம் தாழ்ந்தும் சுருதி அப்படியே நின்றது. அந்நாளில் இங்கே விளையாடியவர்களின் காதில் பதிந்த மெட்டு, ஜப்பானியப் பிள்ளைகள் கேட்டதைவிட விளம்பகாலத்தில் அமைந்தது என்பது வியப்பல்லவா?

ஒரு கேசட்டில் ஆயிரம் விளையாட்டா?

‘9999 விளையாட்டுகள்’ என்று அட்டையில் அச்சிட்ட கேசட்டுகளைப் பலரும் கண்டிருப்பீர்கள். உள்ளே இருப்பவை பெரும்பாலும் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். ஒரே விளையாட்டை இரண்டாம் கட்டத்திலிருந்தும் ஐந்தாம் கட்டத்திலிருந்தும் தொடங்கி, வேறு வேறு பெயர் சூட்டிப் பட்டியலை நீட்டியிருப்பார்கள்.

ஆனாலும் பல விளையாட்டுகளை ஒரே கேசட்டில் அடைத்த உத்தி உண்மையான பொறியியலே. முதன்மைச் சில்லு ஒரு நேரத்தில் கேசட்டின் 32 கிலோபைட் பகுதியைத்தான் பார்க்க முடியும். ரயில் நிலையத்தில் சீட்டு வழங்கும் சன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். சன்னல் ஒன்றுதான், உள்ளே அமரும் ஆள் மட்டும் மாறுகிறார். அதுபோல, கேசட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு சுற்று, நினைவகத்தின் எந்தப் பகுதி அந்தச் சன்னலுக்கு வரவேண்டும் என்பதை மாற்றி மாற்றி வைக்கிறது. மலிவுக் கேசட்டைத் திறந்தால் சில்லு தெரியாது. பலகையின் நடுவே ஒரு கருப்புப் பொட்டுதான் தெரியும். உறையிடாத சில்லை நேரே பலகையில் ஒட்டி, மேலே பிசின் ஊற்றிய முறை அது.

பூட்டை உடைத்தவர்கள்

பூட்டைக் கண்டால் திறக்க முயல்வது மனித இயல்பு. சில நிறுவனங்கள் பூட்டுச் சில்லுக்குத் திடீரென ஒரு மின்னழுத்தத் துடிப்பை அனுப்பி அதை மயங்கச் செய்தன. சிலர் அனுமதி பெற்ற கேசட் ஒன்றைத் தங்கள் கேசட்டின் முதுகில் ஏற்றி, அதன் சாவியை இரவல் வாங்கினர்.

1992-இல் அமெரிக்க நீதிமன்றங்கள் இரண்டு முக்கியத் தீர்ப்புகளை அளித்தன. அட்டாரி கேம்ஸ் நிறுவனம், வழக்குக்குத் தேவை என்று பொய் சொல்லி, நின்டெண்டோவின் பூட்டு நிரலை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து பெற்றிருந்தது. அதைக் கொண்டு தன் சாவிச் சில்லைச் செய்து முடித்தது. தீர்ப்பு அதற்கு எதிராக அமைந்தது. அக்கோலேட் என்ற நிறுவனமோ, சேகா நிறுவனத்தின் கேசட்டுகளைக் கடையில் வாங்கி, பிரித்து ஆராய்ந்து, பொருந்தும் வழியைக் கண்டறிந்தது. ஒத்தியங்கச் செய்வதற்காக அவ்வாறு ஆராய்வது நியாயமான பயன்பாடே என்று நீதிமன்றம் சொல்லிற்று. பூட்டைத் திறந்தது இருவருமே. அறிவை எந்த வழியில் பெற்றார்கள் என்பதே வேறுபாடு.

குறுந்தகட்டில் ஒளிந்த நெளிவு

1994 டிசம்பரில் ஜப்பானில் சோனியின் ‘பிளேஸ்டேஷன்’ வந்தது. இப்போது விளையாட்டு குறுந்தகட்டில். தகட்டை நகலெடுப்பது எளிது. எனவே பூட்டு வேறுவிதமாக வேண்டியிருந்தது. தகட்டின் தொடக்கப் பகுதியில் தடத்தையே மிகச் சிறு அளவில் நெளிய வைத்து, அந்த நெளிவில் நான்கு எழுத்துகளைப் பொதிந்தார்கள். கடைசி எழுத்து ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று பகுதியைச் சொல்லும். வீட்டுக் கணிப்பொறி தகட்டில் எழுதுவது தகவல் குறிகளை மட்டுமே. தடத்தின் வளைவோ வெற்றுத் தகடு தயாராகும்போதே அமைந்துவிடுகிறது. ஆகவே நகலில் நெளிவு வராது. ஓர் ஆவணத்தின் எழுத்துகளை எல்லாம் பிரதி எடுத்தாலும், காகிதத்தில் புடைத்து நிற்கும் முத்திரை வராதது போல!

ஆனால் பெட்டி அந்த எழுத்துகளை ஒரு கம்பி வழியாகத்தானே படிக்கிறது? அக்கம்பியில் ஒரு சிறு சில்லை இணைத்து, எழுத்துகளை அதுவே ஓதும்படி செய்துவிட்டார்கள். வெளிநாட்டு அசல் தகட்டை இயக்கவும் இது உதவிற்று. கள்ளத் தகட்டை இயக்கவும் உதவிற்று. கத்தி காய் நறுக்கவும் செய்யும், கையை அறுக்கவும் செய்யும் அல்லவா?

இன்றைய பெட்டிகளில் பூட்டு கணிதத்தால் ஆனது. நிறுவனம் தன்னிடம் மட்டும் உள்ள இரகசிய எண்ணால் விளையாட்டுக்கு ஒரு ‘கையொப்பம்’ இடுகிறது. பெட்டி அதைச் சரிபார்க்க மட்டுமே அறியும், இடத் தெரியாது. ஒவ்வொரு கையொப்பத்திலும் ஒரு புதிய தற்செயல் எண் சேர வேண்டும். பிளேஸ்டேஷன் 3-இல் அந்த எண் மாறாமல் ஒன்றாகவே இருந்ததை ஆய்வாளர்கள் 2010 டிசம்பரில் பெர்லினில் எடுத்துக்காட்டினார்கள். விளைவு என்ன? எளிய எண்களில் பாருங்கள். ‘அ’ தற்செயல் எண், ‘ஆ’ இரகசிய எண். முதல் கையொப்பம் 3அ = 7 + ஆ என்கிறது. இரண்டாவது 5அ = 15 + ஆ என்கிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 2அ = 8. அ = 4; ஆ = 5. இரகசியம் வெளியே வந்துவிட்டது! உண்மையில் எண்கள் மிகமிகப் பெரியவை. ஆனால் கணக்கின் சாரம் உங்கள் பள்ளிப் பாடத்தில் உள்ள ஒருங்கமை சமன்பாடுதான்.

உப்புக்காற்றும் நேர்மையானவரும்

இனி மாமல்லபுரக் கடற்கரைக்குத் திரும்புவோம். உப்பும் ஈரமும் கலந்த காற்று உலோகத்தை அரிப்பதைக் கரையோரத்தில் வாழ்பவர்கள் நன்கு அறிவார்கள். கேசட்டின் செப்புத் தொடுமுனைகளுக்குப் பொன் முலாம் பூசுவது அழகுக்காக அன்று, அரிப்பைத் தடுக்கவே. முலாம் தேய்ந்த இடத்தில் பாசம் படியும். இணைப்பு விட்டுவிட்டு வரும். கேசட் ஓடாதபோது நாம் எல்லோரும் செய்தது என்ன? வாயால் ஊதியது! மறுபடி எடுத்துச் செருகியதில்தான் இணைப்பு சரியாயிற்று. ஊதியதால் சேர்ந்த ஈரம் நாளடைவில் அரிப்பைக் கூட்டிற்று.

பூட்டு உள்ள பெட்டியில் இது இரட்டைத் துன்பம். பூட்டுக்குரிய முனைகளில் ஒன்றில் அழுக்குப் படிந்தாலும் வாய்பாடு பிசகும். உண்மையான கேசட்டை உரிய விலை கொடுத்து வாங்கியவரும் அந்நியராக வெளியே நிறுத்தப்படுவார். பூட்டுக்குத் திருடனும் தெரியாது, உடையவனும் தெரியாது. பொருத்தம் ஒன்றே தெரியும். பழைய கேசட் உங்களிடம் இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தொடுமுனைகளை மென்மையான பென்சில் அழிப்பானால் இலேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து உலரவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டைத் தாண்டினால் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. ‘உரிமையை மீறும் நோக்கத்தோடு’ என்ற சொற்களைக் கவனியுங்கள். பூட்டைத் தொட்டதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. முறையாக நிரலை வைத்திருப்பவர், அழிந்துபோகாமல் காக்க ஒரு பிரதி எடுத்துக்கொள்ளவும் அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. கள்ளப் பிரதியை விற்பது வேறு. தன் பொருளைப் பழுது பார்ப்பது வேறு. முதலாவது, இரவு பகலாக உழைத்து விளையாட்டை ஆக்கியவரின் கூலியைப் பறிப்பது. அதை இந்தக் கட்டுரை ஒருபோதும் ஆதரிக்காது.

ஊருக்கு ஊர் பூட்டும் வழக்கம் இப்போது பெரிதும் தளர்ந்துவிட்டது. 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் எந்த நாட்டு விளையாட்டையும் ஏற்கிறது. ஆனால் புதிய பூட்டு ஒன்று வந்திருக்கிறது. பல விளையாட்டுகள் எங்கோ தொலைவில் உள்ள கணிப்பொறியைக் கேட்டுத்தான் திறக்கின்றன. அந்தக் கணிப்பொறியை நிறுத்திவிட்டால் நீங்கள் விலை கொடுத்து வாங்கியது வெறும் பெட்டிதான். 1983-இல் விற்ற கேசட் இன்றும் ஓடும். இன்று வாங்குவது நாற்பது ஆண்டு கழித்து ஓடுமா? இந்தக் கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

2022-இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் வீரர்கள் வந்தார்கள். எவரும் தம் ஊர்ச் சதுரங்கப் பலகைதான் வேண்டும் என்று கேட்கவில்லை. எந்த நாட்டுக் குதிரையும் நம் பலகையில் அதே இரண்டரைக் கட்டம்தான் தாவியது. பொதுவான விதி இருந்தால் விளையாட்டுக்குக் கடவுச்சீட்டு தேவைப்படுவதில்லை.

அடுத்த முறை ஒரு கருவி வேலை செய்யவில்லை என்றால், பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். அதற்கு வேண்டிய மின்சாரம் எது? அது பேசும் முறை எது? அதைப் பூட்டியவர் யார், எதற்காக? நம் கதைச் சிறுவனுக்கு அன்று இவற்றின் விடை தெரிந்திருந்தால், மாமாவிடம் தலைநிமிர்ந்து சொல்லியிருப்பான்: “பெட்டி கெட்டுப் போகலை, மாமா. நம்ம வீட்டுப் பாஷை அதுக்குத் தெரியலை. அவ்வளவுதான்!”